லப்டொப் வாங்கக் கடைக்குப் போகமுன் எழுத வேண்டிய தாள்

"விண்டோஸ் நல்லதா, மேக் நல்லதா, இல்லாவிட்டால் இந்த லினக்ஸைப் போட்டுப் பார்க்கவா?" என்று கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் பதிலை ஏற்கெனவே மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கனடாவில் இருக்கிற மச்சான் மேக் பாவிக்கிறார், அல்லது ஒரு வாரமாக பேஸ்புக்கில் ஒரே லப்டொப் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது, அல்லது பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கும்போது ஒரு பெரிய பதாகை கண்ணில் பட்டுவிட்டது. நாங்கள் "ஓம்" என்று தலையாட்டினால் போதும், காசு கைமாறிவிடும்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் வேலையிலிருந்து தொடங்கி ஓஎஸ் (விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி கொம்பியூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) தெரிவுசெய்வது எப்படி என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் ஒழுங்கு முக்கியம். முதலில் ஒரு தாள் எழுத வேண்டும், விளம்பரம், விலைப்பட்டியல், யூடியூப் எல்லாம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் விளம்பரத்தில் இருந்த சொற்களையே திருப்பி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

தாளில் என்ன எழுதுவது

போன மாதம் கொம்பியூட்டரில் உண்மையாகச் செய்த வேலைகளை மட்டும் எழுதுங்கள். "வீடியோ எடிட்டிங் பழகலாம் என்று இருக்கிறேன்" என்பதெல்லாம் தாளின் பின்பக்கத்துக்கு. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம்: எந்த மென்பொருளில் செய்தீர்கள், அந்த மென்பொருளை உங்களுக்குக் கட்டாயமாக்கியது யார். இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு முடிவு அதிலேயே வந்துவிடும்.

உதாரணமாகப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். முதலாளி கணக்கை டாலியில் வைத்திருக்கிறார், ஒடிட்டரும் டாலி பைலைத்தான் கேட்கிறார். டாலி விண்டோஸுக்கென்றே வருகிற மென்பொருள். அவருக்கு இந்தக் கட்டுரையில் மிச்சம் வாசிக்க வேண்டியது விண்டோஸ் லப்டொப்பை எப்படி ஏமாறாமல் வாங்குவது என்பது மட்டும்தான். கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார்ட் அடிக்கிற கடையில் பாமினி எழுத்துருவில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பழைய கோரல்ட்ரோ (கார்ட் வடிவமைக்கிற மென்பொருள்) பைல்கள் இருக்கும். பாமினியை எந்த ஓஎஸ்ஸிலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கோரல்ட்ரோ லினக்ஸுக்கு வருவதில்லை. போட்டோஷொப்பும் அப்படித்தான், விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கிறது, லினக்ஸில் இல்லை. வீட்டில் வலோரண்ட் விளையாடுகிற பிள்ளை இருந்தால் லினக்ஸ் சரிவராது, அந்த விளையாட்டின் கள்ள ஆட்டத் தடுப்பு மென்பொருள் அதில் ஓடாது, மேக்கிலும் ஓடாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஏ/எல் படிக்கிற பிள்ளைக்கு சூம் வகுப்பு, பிடிஎப், பிரவுசர், கொஞ்சம் பைத்தன் புரோகிராமிங் என்றால் எதிலும் நடக்கும். ஒஸ்திரேலியாவில் இருக்கிற மகனோடு கதைக்கவும் பத்திரிகை வாசிக்கவும்தான் அம்மாவுக்கு என்றால் கொம்பியூட்டரே தேவையில்லை, ஒரு டப்லெட் போதும். (ஸ்கைப்பில்தான் கதைப்போம் என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு: அதை மைக்ரோசொப்ட் 2025 மே மாதத்தோடு மூடிவிட்டது.) இப்படிப்பட்ட தாள் உள்ளவர்கள்தான் விளம்பரத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. கட்டாயம் ஒன்றும் இல்லாதவருக்கு எதுவும் பொருந்தும், அப்போது யார் சத்தமாகச் சொல்கிறாரோ அவர் வெல்வார்.

அடுத்தது, யாரோடு பைல் பரிமாறுகிறீர்கள் என்று எழுதுங்கள். அலுவலகம் வேர்ட் பைல் அனுப்பி, அதில் நீங்கள் திருத்தி, அவர்கள் திருப்பித் திருத்தி என்று போனால், லினக்ஸில் வருகிற லிப்ரே ஒபிஸ் அதைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் பக்க ஒழுங்கும் சில நேரம் நகர்ந்துவிடும். ஒரு பக்கக் கடிதத்தில் தெரியாது, ஐம்பது பக்க அறிக்கையில் கண்ணீர் வரும். நீங்களே எழுதி பிடிஎப்பாக அனுப்புகிறவர் என்றால் இது பிரச்சினையே இல்லை.

தமிழ் டைப்பிங்கைத் தனி வரியாக எழுதுங்கள். யூனிகோடில் தமிழ் 99 என்ற எழுத்து ஒழுங்கைப் பாவிக்கிறவருக்கு மூன்றிலும் கீபோர்ட் உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். இலங்கையின் ரெங்கநாதன் கீபோர்டில் பழகியவர்களுக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற அமைப்பின் ஊடாக அது கிடைக்கிறது. எதை வாங்கினாலும் கடையிலேயே கீபோர்டை மாற்றி, நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். விற்பவர் சில நேரம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பிரின்டர், ஸ்கேனர், கைரேகை வைக்கிற மெஷின், பில் அடிக்கிற சின்ன பிரின்டர், யூஎஸ்பியில் செருகுகிற டொங்கிள், இவற்றின் மொடல் இலக்கங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிரின்டர் புதிய ஓஎஸ்ஸோடு பேச மாட்டேன் என்று அடம்பிடிப்பது மூன்று பக்கமும் நடக்கிற விஷயம், எந்த விளம்பரத்திலும் பிரின்டரைக் காட்ட மாட்டார்கள்.

கடைசியாக, பழுதானால் யாரிடம் போவீர்கள்? கொழும்பில் விண்டோஸ் பார்க்கத் தெரிந்தவர் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். மேக் பார்க்கிறவர்கள் குறைவு, பாகங்களின் விலையும் கூட, அப்பிள் தானே நடத்துகிற கடை இலங்கையில் கிடையாது, அனுமதி பெற்ற விற்பனையாளர்கள்தான். லினக்ஸ் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கம்பஸ் பிள்ளைகளும் ஐடி கம்பனிக்காரர்களும், நல்ல மனதோடு உதவுவார்கள், ஆனால் அவர்களுக்கும் பரீட்சை வரும்.

விளம்பரத்தை எப்படி வாசிப்பது

தாள் முடிந்தது. இனி விளம்பரத்தைப் பார்க்கலாம், பயப்படத் தேவையில்லை. ஓஎஸ் விளம்பரங்களுக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது, அதில் சிலதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இன்றைக்கு வருவதும் அதன் பேரப்பிள்ளை என்று விளங்கும்.

1995 ஓகஸ்ட் 24, விண்டோஸ் 95 வெளிவந்த நாள். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸின் நிறங்களில் வெளிச்சம் போட்டார்கள், லண்டனில் டைம்ஸ் பத்திரிகையின் அன்றைய பிரதிகளை மைக்ரோசொப்ட் காசு கொடுத்து இலவசமாக விநியோகித்தது. ஒரு மென்பொருளுக்குத் திருவிழா வைக்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது அப்போதுதான். அந்த விழாவில் உங்கள் பிரின்டர் வேலை செய்யுமா என்று கேட்க இடமே இல்லை, எல்லோரும் வாங்குகிறார்கள் என்ற உணர்வுதான் அங்கே விற்கப்பட்டது. இன்றைக்கு வெசாக், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டுச் சலுகைகளில் "கையிருப்பு முடியும்வரை மட்டும்" என்று போடுவதும் அந்த வகைதான்.

இன்னொரு வகை, ஆளை விற்பது. அப்பிள் 2006 முதல் 2009 வரை ஒரு விளம்பர வரிசை நடத்தியது. ஜீன்ஸ் போட்ட ஒரு இளைஞன் "நான் மேக்" என்பான், கோட் போட்ட, கொஞ்சம் குண்டான ஒருவர் "நான் பிசி" (அதாவது விண்டோஸ் கொம்பியூட்டர்) என்பார். நன்றாக எடுக்கப்பட்ட விளம்பரங்கள், இப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனால் உற்றுப் பார்த்தால் பெரும்பாலான நேரம் கொம்பியூட்டரே திரையில் இல்லை, இரண்டு மனிதர்களில் நீ யார் என்றுதான் கேட்கிறார்கள். அவற்றில் பிசிக்கு வைரஸ் வரும், தும்மும், மேக் பக்கத்தில் சுகமாக நிற்கும். பிறகு 2012-இல் பிளாஷ்பக் என்ற தீம்பொருள் உலகெங்கும் சுமார் 6 லட்சம் மேக்குகளில் ஏறியது, அந்த வருஷமே அப்பிள் தன்னுடைய இணையப் பக்கத்தில் "பிசி வைரஸ் வராது" என்ற வரியை எடுத்துவிட்டு, பாதுகாப்பாக வடிவமைக்கப்பட்டது என்ற கருத்தில் வேறொன்றைப் போட்டது. மேக் பாதுகாப்பில்லாதது என்று நான் சொல்லவில்லை, உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறது. "மேக்குக்கு வைரஸே வராது" என்று இன்றைக்கும் வெள்ளவத்தையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார் என்றால், விளம்பரம் ஓடி முடிந்த பிறகும் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவுக்குக் கெட்ட பெயர். அடுத்த வருஷம் மைக்ரோசொப்ட் விஸ்டாவைப் பிடிக்காத ஆட்களைக் கூப்பிட்டு, "இது மொஹாவி, அடுத்த விண்டோஸ்" என்று சொல்லி ஒன்றைக் காட்டியது. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் சொன்னார்கள், இதுதான் விஸ்டா. இதை இரண்டு பக்கமாகவும் வாசிக்கலாம். பாவித்துப் பார்க்காமலே ஒரு பொருளை வெறுக்கிறோம், அது உண்மை. ஆனால் அங்கே வந்தவர்கள் தங்களுடைய பழைய மெஷினில் அதைப் போட்டுப் பார்க்கவும் இல்லை, வீட்டு ஸ்கேனரை இணைத்துப் பார்க்கவும் இல்லை, நல்ல மெஷினில் தெரிந்தவர் ஓட்டிக் காட்டினார். கடையில் "டெமோ" பார்க்கும்போது உங்களுக்கு நடப்பதும் அதுதான். அதனால்தான் உங்கள் சொந்த பைல்களை ஒரு பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறேன்.

ஸ்டிக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஸ்டா வருவதற்கு முன்பே "விஸ்டா ஓடக்கூடியது" என்ற ஸ்டிக்கரோடு கொம்பியூட்டர்கள் விற்றார்கள். அவற்றில் பலதில் மிக அடிப்படையான பதிப்புத்தான் ஒழுங்காக ஓடியது, விளம்பரத்தில் காட்டிய பளபளப்பு எதுவும் வரவில்லை. வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளியான உள் மின்னஞ்சல்களில், மைக்ரோசொப்டின் உயர் அதிகாரி ஒருவரே தன்னுடைய 2,100 டொலர் லப்டொப் இப்போது வெறும் மின்னஞ்சல் பார்க்கிற மெஷினாகிவிட்டது என்று புலம்பியிருந்தார். கம்பனியின் உள்ளே இருக்கிறவரே ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்தால் கொழும்பில் தவணைக்கு வாங்குகிற நாங்கள் எம்மாத்திரம்.

கொம்பியூட்டர் சிப் செய்கிற இன்டெல் கம்பனியின் ஸ்டிக்கரும் இப்படித்தான். 1991-இல் தொடங்கிய திட்டத்தில், கொம்பியூட்டர் கம்பனிகள் தங்கள் விளம்பரத்தில் இன்டெல் சின்னத்தைப் போட்டால் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்தது. ஒரு லப்டொப் விளம்பரத்தில் அந்தச் சின்னம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று இப்போது விளங்கும்.

இன்றைய ஸ்டிக்கர் "ஏஐ பிசி", ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு. 2024 மே மாதம் மைக்ரோசொப்ட் கோபைலட் பிளஸ் பிசி என்று ஒரு வகையை அறிவித்தது, அதற்கு ஏஐ வேலைக்கென்று தனியான சிப் பகுதி, 16 ஜிபி ரம் (வேலை நடக்கும்போது பாவிக்கிற நினைவகம்), 256 ஜிபி சேமிப்பு வேண்டும் என்று வரையறை. அதன் முக்கிய வசதியாகக் காட்டிய ரீகோல், திரையில் நடப்பதையெல்லாம் படம் பிடித்து வைத்துத் தேட உதவுவது, தனியுரிமைக் கேள்விகளால் வெளியீட்டு நாளுக்கு முன் நிறுத்தப்பட்டு 2025-இல்தான் வந்தது. அதுவரை வாங்கியவர்கள் ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சட்ஜிபிடி மாதிரி இணையத்தில் ஓடுகிறவற்றுக்கு இந்தச் சிப் தேவையே இல்லை, பத்து வருஷப் பழைய மெஷினிலும் பிரவுசரில் திறக்கும். 16 ஜிபி ரம் நல்லதுதான், அதற்காக வாங்குங்கள், ஸ்டிக்கருக்காக வேண்டாம்.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது என்ன? ஒரு விளம்பரத்தையோ துண்டுப்பிரசுரத்தையோ எடுத்து, சரிபார்க்க முடியாத சொற்களையெல்லாம் பேனையால் வெட்டுங்கள். "அதிவேகம்", "அடுத்த தலைமுறை", "நிபுணர்களின் தெரிவு", "உங்கள் கனவுக்கு". மிச்சமிருப்பதை மட்டும் தாளோடு ஒப்பிடுங்கள். பல விளம்பரங்களில் மிஞ்சுவது விலையும் ரம் அளவும்தான்.

யூடியூப் விமர்சனங்களுக்கும் இதே பேனை. லப்டொப்பை யார் கொடுத்தார்கள் என்று முதல் நிமிஷத்திலோ கீழே உள்ள குறிப்பிலோ இருக்கிறதா என்று பாருங்கள், வாங்குவதற்கான லிங்க் இருந்தால் விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. ஆறு மாதம் பாவித்த பிறகு அதே ஆள் போட்ட வீடியோ இருந்தால் அதுதான் பார்க்கத் தகுந்தது.

வெளிநாட்டுச் சொந்தக்காரரின் ஆலோசனை? அன்பான விளம்பரம், காசு வாங்காத விளம்பரம், அதனாலேயே சமாளிக்கக் கஷ்டம். டொரொண்டோவில் பழுதானால் அவர் ரெயிலேறி அப்பிள் கடைக்குப் போவார். அதைச் சொல்லுங்கள், "சரி மாமா, இங்கே யாரிடம் கொடுக்கிறது?" என்று கேளுங்கள், அவரும் யோசிப்பார்.

லினக்ஸ்காரர்களும் விதிவிலக்கில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நடத்துகிற கம்பனி பல வருஷமாக, 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உலகத்தின் எந்த மூலைக்கும் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பியது, அது அருமையான விளம்பரம். இன்றைக்குப் பெரும்பாலும் வாய்வழிதான். "விண்டோஸ் பாவிக்கிறவன் அடிமை" என்கிற ரீதியில் ஒருவர் கதைக்கத் தொடங்கினால் அதுவும் ஜீன்ஸ் போட்ட இளைஞனின் விளம்பரம்தான், உடுப்பு மட்டும் வேறு.

கடையில் கேட்க வேண்டியவை

பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் ஒரே மாடியில் ஏழெட்டுக் கடையின் விலைப்பட்டியலைச் சேர்க்கலாம். முதலாவது கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான் விதி. பட்டியலில் சில மொடல்களின் பக்கத்தில் "டொஸ்" அல்லது "ப்ரீ டொஸ்" என்று இருக்கும், விலை கொஞ்சம் குறைவாக. அதன் அர்த்தம் விண்டோஸ் உரிமம் அதோடு வரவில்லை என்பது. "பிரச்சினை இல்லை, நாங்கள் விண்டோஸ் போட்டுத் தருகிறோம், ப்ரீ" என்று சொல்வார்கள். அந்த ப்ரீயில்தான் விஷயம் இருக்கிறது. "ஒரிஜினலா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "விண்டோஸ் உரிமம் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அக்டிவேஷன். அங்கே உங்கள் நிறுவனத்தின் சேவையால் அக்டிவேட் செய்யப்பட்டது என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தால், நீங்கள் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யாமல் வீட்டுக்கு வாங்குகிறவர் என்றால், அது கள்ள வழியில் போட்டதாகத்தான் இருக்கும். அப்படி அக்டிவேட் பண்ணுகிற டூல்களை ஓட விட அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அந்த நேரத்தில் கூட என்னென்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே மெஷினில்தான் பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள்.

டொஸ் லப்டொப் கெட்டதில்லை. லினக்ஸ் போடப் போகிறவருக்கு அது நேரடி லாபம், விண்டோஸுக்குக் கொடுக்காத காசு ரமுக்குப் போகலாம்.

சரி, எது யாருக்கு

விண்டோஸ்: கட்டாயம் உள்ளவர்களுக்கு. டாலி, அலுவலக மென்பொருள், விளையாட்டு, பழைய பிரின்டர். புதிதாக வாங்கினால் விண்டோஸ் 11, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸரும் வேண்டும். கம்பனி சொல்கிற ஆகக்குறைந்த ரம் 4 ஜிபி, அதை நம்பி வாங்கினால் பிரவுசர் திறக்க முதல் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் 16. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்கள் மேலும் ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் வழி வைத்தது. செகண்ட் ஹாண்டில் "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்று ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை விற்கிறார்கள். தடையைச் சுற்றிக்கொண்டு போட்டிருப்பார்கள், ஓடும், ஆனால் அதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

மேக்: வீடியோ, இசை, ஐபோனுக்கு அப் எழுதுகிறவர்கள், பட்டரி நீண்ட நேரம் நிற்க வேண்டியவர்கள். 2020 கடைசியில் அப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து அந்தப் பட்டரிக் கதை விளம்பரமில்லை, உண்மை. மின்வெட்டுக் காலத்தை அனுபவித்த எங்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் ரம்மைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். இக்மன் என்ற விற்பனை இணையதளத்தில் மலிவாக வருகிற இன்டெல் மேக்புக்குகளை விட்டுவிடுங்கள், 2025-இல் வந்த டாஹோ என்ற மேக் ஓஎஸ்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அப்பிளே சொல்லிவிட்டது, அதுவும் எல்லா இன்டெல் மொடலுக்கும் இல்லை. "தேவைப்பட்டால் மேக்கில் விண்டோஸ் போடலாம்தானே" என்ற கதையும் பழைய இன்டெல் காலத்தது. புதிய சிப்புகளில் அதற்கு உதவிய பூட்கேம்ப் கிடையாது, தனி மென்பொருள் ஒன்றைப் போட்டு அதற்குள் ஓட விட வேண்டும்.

குரோம்புக் (கூகிளின் ஓஎஸ்ஸோடு வருகிற லப்டொப்) இங்கே அதிகம் கிடைப்பதில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், அந்த மொடலுக்கு அப்டேட் எந்த மாதத்தோடு முடிகிறது என்று செட்டிங்ஸில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

லினக்ஸ்: பிரவுசரிலேயே வாழ்கிறவர்களுக்கு, புரோகிராமிங் படிக்கிறவர்களுக்கு, விண்டோஸ் 11 ஏறாத நல்ல மெஷினைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு. முதல் முறை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற வகை, விண்டோஸ் பழகிய கைக்கு அது இலகு. இப்போதுள்ள மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, உபுண்டு 24.04-க்கும் அப்படியே. இதற்கு ஏன் கடையில் பதாகை இல்லை என்று கேட்டால், பதாகைக்குக் காசு கொடுக்க யாருமில்லை, விற்றால் கடைக்காரருக்குக் கமிஷனும் இல்லை. பதாகை இல்லாததால் அது தரக்குறைவு என்று நினைப்பதும் விளம்பரத்தின் வேலைதான், இலவசம் என்பதால் மட்டும் நல்லது என்று நினைப்பதும் அதே அளவு பிழை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிந்து வைக்க இலங்கையர்கள் எழுதிய சஹானா, லினக்ஸ் மாதிரியே யாரும் இலவசமாகப் பாவித்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளாகத்தான் வந்தது, பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பாவிக்கப்பட்டது.

போட்டுப் பார்ப்பது எப்படி

லினக்ஸைத் தெரிவுசெய்யமுன் காசு செலவில்லாமல் ஓட்டிப் பார்க்க முடியும் என்பது அதன் பெரிய வசதி. 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று எடுங்கள், அதில் உள்ளதெல்லாம் அழியும், முதலில் கொப்பி பண்ணி வையுங்கள். மின்ட்டின் இணையதளத்தில் ஐஎஸ்ஓ பைலை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒரே பைல்) இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், டேட்டா பக்கேஜில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அதில் இறக்கலாம். ரூபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென் ட்ரைவில் எழுதுங்கள், வெறுமனே இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. மெஷினை அணைத்து, போடும்போது பூட் மெனுவுக்கான (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிற பட்டியல்) பட்டனைத் தட்டுங்கள், கம்பனியைப் பொறுத்து எப்12, எப்9, எஸ்கேப் என்று மாறும். பென் ட்ரைவைத் தெரிவுசெய்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் திறக்கும்.

அங்கே டெஸ்க்டொப்பில் இன்ஸ்டோல் என்று ஒரு ஐகன் இருக்கும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். வைபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கமெரா, பிரின்டர், லப்டொப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா, தாளில் எழுதிய ஒவ்வொன்றையும் பாருங்கள். அலுவலகத்தின் உண்மையான வேர்ட் பைலைத் திறந்து பாருங்கள். பென் ட்ரைவில் ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை அளக்காதீர்கள்.

பிடித்துவிட்டது, நிரந்தரமாகப் போடப் போகிறீர்கள் என்றால் முதலில் படங்கள், சான்றிதழ்கள், எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். புதிய விண்டோஸ் மெஷின்களில் பிட்லொக்கர் என்ற வசதியால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம், அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், அதை எழுதி வைக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

வாங்கின பிறகும் விளம்பரம்

காசு கொடுத்தாச்சு, இனி விளம்பரம் தொல்லை இல்லை என்று நினைத்தால் அப்படி இல்லை. 2024-இல் விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவிலேயே அப் விளம்பரங்கள் வரத் தொடங்கின. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று போய், பரிந்துரைகளைக் காட்டு என்கிற சுவிட்சை நிறுத்துங்கள். பிரைவசி பக்கத்தில் விளம்பர அடையாளம் என்று ஒன்றிருக்கும், அதையும். மேக்கில் ஐகிளவுட் இடம் வாங்கு, மியூசிக்கைப் போட்டுப் பார் என்று அப்பிள் தன் சேவைகளைத் தள்ளும். லினக்ஸும் சுத்தமில்லை, 2012-இல் உபுண்டுவில் பைல் தேடினால் அமேசோன் பொருட்கள் வரும்படி வைத்தார்கள், பாவனையாளர்கள் சண்டை பிடித்துப் பிடித்து 2016-இல் அது தானாக ஓடாதபடி நிறுத்தப்பட்டது.

பேஸ்புக்கில் லப்டொப் விளம்பரம் பின்னால் வருவது வாங்கிய பிறகும் கொஞ்ச நாள் தொடரும், "இதைவிட மலிவாக வந்துவிட்டதே" என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அமத்தி மறைத்துவிடுங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். மொடல், ரம், சேமிப்பு, சீரியல் இலக்கம், ஓஎஸ் உரிமம் உண்டா இல்லையா, உத்தரவாதம் எத்தனை வருஷம், யார் கொடுக்கிறது, கடையா கம்பனியா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். விளம்பரத்தில் ஒன்று சொல்லி வேறொன்றைத் தந்திருந்தால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் பில்லும் கையில் இருக்கும்போது நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அடித்து முறையிடலாம், 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் வியாபாரிகள் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. அதனால் வாங்கப் போகிற அன்றைக்கே அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், சலுகை முடிந்த மறுநாள் அது பக்கத்தில் இருக்காது.